பத்து மூடை இருபது மூடையான விவரம்
(இன்டர்நெட் ஆர்டரில் கேள்வியும் பதிலும்)



சென்ற மாதச் சங்கக் கூட்டத்தில் செல்போன் மூலம் ஆர்டர் வாங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது, எங்கள் கடையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் வந்து, தங்கள் கடையிலும் இப்படி நடந்திருக்கிறது என்றார்கள். செயலாளர் அவர்கள் "இதை அப்படியே எழுதிக் கொடுங்கள், எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும்" என்று கேட்டுக் கொண்டார். நான் 1975-இல் பழைய எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு நேரே கடைக்கு வந்தவன். கம்ப்யூட்டர் படித்தவன் அல்லன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஆதியோடந்தமாகத் தெரிந்து கொள்ளாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்து கொண்டேன். ஏன் என்றால், என் முப்பது வருட வாடிக்கை ஒன்று அதனால் அறுந்து போக இருந்தது.

நடந்தது இதுதான். எங்களுடையது பருப்பு மொத்த வியாபாரம். வாடிக்கைக் கடைகள் ஆர்டர் போட ஒரு வெப்சைட் வைத்திருக்கிறோம். சென்ற ஆடி மாதம் ஒரு நாள் இரவு, வெளியூர் வாடிக்கைக்காரர் ஒருவர் கடையைச் சாத்திவிட்டுப் பஸ்ஸில் போகும்போது செல்போனில் துவரம் பருப்பு பத்து மூடைக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். பொத்தானை அழுத்தியதும் வட்டம் சுற்றியது, சுற்றிக் கொண்டே இருந்தது. கடைசியில் 'இணைப்பு கிடைக்கவில்லை' என்று வந்தது. ஆர்டர் போகவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்தினார். இந்த முறை 'ஆர்டர் ஏற்கப்பட்டது' என்று வந்துவிட்டது. அவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் எங்கள் கணக்கில் ஒரே கடையின் பெயரில் பத்து மூடைக்கு இரண்டு சீட்டுகள். பண்டிகைக்கு முன்கூட்டியே சரக்கு எடுக்கிறார் போலிருக்கிறது என்று பையன்கள் இருபது மூடையை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சரக்கு இறங்கியதும் போன் வந்தது. "அண்ணாச்சி, நான் பத்துத்தானே போட்டேன்? இருபது வந்து இறங்கியிருக்கு. கூடப் போனது அறுபதாயிரம் ரூபாய்ச் சரக்கு, வைக்க இடமும் இல்லை." நான் கணக்கைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்கள் ரெண்டு தடவை போட்டதாகத்தானே இங்கே இருக்கு" என்றேன். அவர் குரல் மாறிவிட்டது. "அப்போ நான் பொய் சொல்கிறேனா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவர் பொய் சொல்பவர் அல்லர். என் கணக்கிலும் பொய் இல்லை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்? இதைத் தெரிந்து கொள்ளத்தான் என் தங்கை மகனைக் கூப்பிட்டு, நாலு நாள் சாயங்காலம் கடையில் உட்கார வைத்தேன். அவன் சென்னையில் இந்த வேலைதான் பார்க்கிறான். எங்கள் வெப்சைட்டைச் செய்தது வேறு ஒரு தம்பி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கேட்பவரும் கொடுப்பவரும்

இன்டர்நெட்டில் நாம் பார்க்கும் எந்தப் பக்கத்துக்கும் இரண்டு தரப்பு உண்டு. ஒன்று கேட்கிற தரப்பு. இதற்குக் கிளையண்ட் என்று பெயர். நம் செல்போனில் இருக்கும் பிரவுசர்தான் கிளையண்ட். மற்றது கொடுக்கிற தரப்பு. இதற்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்பது எங்கோ ஓர் ஊரில் இரவும் பகலும் ஓடிக் கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர். இந்த இரண்டும் பேசிக் கொள்வதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். அதுதான் வெப்சைட் முகவரிக்கு முன்னால் நாம் பார்க்கும் ஹெச்.டி.டி.பி. என்ற எழுத்துகள்.

இந்த முறையில் சர்வர் தானாக எதுவும் பேசாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மாதிரி, யாராவது வந்து கேட்டால்தான் வாயைத் திறக்கும். ஒரு கேள்விக்கு ஒரு பதில். பதில் சொன்னதோடு அந்த விவகாரம் முடிந்தது.

இதை ஏற்படுத்தியவர் டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர். ஜெனீவா நகரத்துப் பக்கத்தில் செர்ன் என்ற அணு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வந்து போவதால், யாரிடம் என்ன விவரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்திருக்கிறது. அதற்கு வழியாக 1989 மார்ச்சில் ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். முதல் சர்வர் அவர் மேசையில் இருந்த ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்தான். யாராவது ராத்திரி சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்விடப் போகிறார்களே என்று, 'இது சர்வர், இதை நிறுத்தக் கூடாது' என்ற பொருள்படச் சிவப்பு மையில் எழுதி அதன் மேல் ஒட்டி வைத்திருந்தாராம். நம் கடை ஃப்ரீசர் சுவிட்சுக்கு மேல் எழுதி ஒட்டுகிறோமே, அதே கதைதான். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. ஒரு கேள்விக்குக் கால் பைசா கமிஷன் என்று வைத்திருந்தால் இன்று எங்கே போயிருக்கும்!

1991-இல் இருந்த முதல் வடிவத்தில் கேள்வி ஒரே ஒரு வரிதான். 'இந்தப் பக்கத்தைக் கொடு' என்று மட்டுமே கேட்க முடியும். 1996-இல் 1.0 என்ற வடிவமும், 1997-இல் 1.1 என்ற வடிவமும் முறையாக எழுதப்பட்டன. 2015-இல் இரண்டாவதும் 2022-இல் மூன்றாவதும் வந்தன. வேகம் கூடியிருக்கிறதே தவிர, கேள்வி பதில் என்ற அடிப்படை மாறவில்லை.

கேள்விச் சீட்டு

நாம் வெப்சைட் பெயரை அடித்ததும் முதல் வேலை, அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடிப்பது. பழைய டெலிபோன் டைரக்டரி போல இதற்கென்றே தனிச் சர்வர்கள் இருக்கின்றன. எண் கிடைத்ததும் அந்தக் கம்ப்யூட்டரின் வாசலுக்குப் போக வேண்டும். ஒரே கம்ப்யூட்டருக்குப் பல வாசல்கள் உண்டு. சாதாரணப் பக்கங்களுக்கு 80-ஆம் எண் வாசல், பூட்டுப் போட்ட பக்கங்களுக்கு 443-ஆம் எண் வாசல்.

வாசலில் போய்க் கொடுக்கிற கேள்வி, நம் ஆர்டர் சீட்டு மாதிரியேதான் இருக்கிறது. முதல் வரியில் என்ன காரியம், எந்தப் பக்கம் என்று இருக்கும். அதன் கீழே சில குறிப்புகள்: எந்த வெப்சைட்டுக்கு வந்திருக்கிறேன், எந்த மொழியில் பதில் வேண்டும், எந்த வகைப் பிரவுசர் என்பன போல. பிறகு ஒரு வெற்று வரி. அதற்கும் கீழேதான் 'துவரம் பருப்பு, 10 மூடை' என்ற சரக்கு விவரம்.

எந்த வெப்சைட் என்று எதற்குத் தனியாக எழுத வேண்டும், அதுதான் வாசலுக்கே வந்துவிட்டோமே என்று கேட்டேன். ஒரே கம்ப்யூட்டரில் நூறு கடைகளின் வெப்சைட் இருக்கலாமாம். காம்ப்ளெக்ஸ் முகவரியை மட்டும் எழுதிக் கடைப் பெயரை எழுதாமல் பார்சல் அனுப்பினால் வாட்ச்மேன் யாரிடம் கொடுப்பான்? ஆகவே 1.1 வடிவத்தில் இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

பதிலின் மூன்று இலக்க எண்

சர்வர் கொடுக்கும் பதிலிலும் முதல் வரி முக்கியம். அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். 2-இல் தொடங்கினால் காரியம் முடிந்தது. 200 என்பது 'சரி'. 3-இல் தொடங்கினால் 'வேறு இடத்தில் போய்ப் பார்' என்பது போன்ற சங்கதி. 4 என்றால் கேட்டவர் பக்கத்துக் குறை. 5 என்றால் கொடுப்பவர் பக்கத்துக் குறை.

இந்த நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் நாம் எவ்வளவு நேரத்தை வீணாக்கியிருக்கிறோம்! 404 என்று வந்தால் நீங்கள் கேட்ட பக்கம் அங்கே இல்லை; முகவரியைச் சரி பாருங்கள். 401 என்றால் நீங்கள் யார் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். 403 என்றால் அதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. 429 என்றால் அளவுக்கு மீறி அடுத்தடுத்துக் கேட்கிறீர்கள், கொஞ்சம் பொறுங்கள். ஆனால் 503 என்று வந்தால் சர்வருக்கு இப்போது தாங்க முடியவில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் இது வந்தால், நம் செல்போனை அணைத்துப் போடுவதாலோ வேறு கம்ப்யூட்டருக்கு ஓடுவதாலோ ஒரு பயனும் இல்லை. கோளாறு நம்மிடம் இல்லை. எண்ணோடும் நேரத்தோடும் திரையைப் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். தாமதம் ஏன் என்று பின்னால் கேட்கும்போது காட்ட ஆகும்.

402 என்று ஓர் எண் இருக்கிறது. 'பணம் கட்ட வேண்டும்' என்பது அதன் பொருள். பிற்காலத்துக்கு ஆகும் என்று 1990-களிலேயே ஒதுக்கி வைத்தார்கள். விதிப் புத்தகத்தில் இன்னும் அப்படியேதான் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. வியாபாரிக்கென்று இருந்த ஒரே எண்ணுக்கு இந்தக் கதி.

304 என்பதையும் நாம் தெரிந்து கொள்ள வேண்டும். 'நீ முன்பு வாங்கிப் போனதில் மாற்றம் எதுவும் இல்லை, அதையே வைத்துக் கொள்' என்பது அதன் பொருள். ஒரு முறை வாங்கிய பக்கத்தைப் பிரவுசர் தன்னிடம் சேமித்து வைக்கும். எவ்வளவு நேரம் வைத்துக் கொள்ளலாம் என்பதைச் சர்வர்தான் பதிலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைப் படத்தை ஒரு மாதம் வைத்துக் கொள்ளட்டும், தோஷம் இல்லை. விலைப் பட்டியலை ஒரு நாள் வைத்துக் கொள் என்று சொல்லிவிட்டால், காலையில் மாறிய விலை வாடிக்கைக்காரருக்குத் தெரியாமல் பழைய விலையே தெரியும். 'உங்கள் வெப்சைட்டிலேயே இந்த விலைதானே இருக்கிறது' என்று அவர் சண்டைக்கு வந்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

சர்வருக்கு ஞாபகம் கிடையாது

இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும், இந்த முறைப்படி சர்வர் உங்களை மறந்துவிடுகிறது. அடுத்த நிமிஷமே வந்தாலும் புது ஆள்தான். அப்படியானால் நாம் தேர்ந்தெடுத்த சரக்குகளை எப்படி நினைவில் வைக்கிறது? 1994-இல் நெட்ஸ்கேப் கம்பெனியில் இருந்த லூ மோன்டுல்லி என்பவர் அதற்கு ஒரு வழி செய்தார். முதல் பதிலோடு ஒரு டோக்கனைச் சர்வர் கொடுத்துவிடும். இதற்குக் குக்கீ என்று பெயர். பிரவுசர் அதை வைத்திருந்து ஒவ்வொரு கேள்வியோடும் திருப்பிக் காட்டும். டோக்கனைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டு கொள்கிறது.

கோயில் வாசலில் செருப்பை விட்டு வாங்குகிற டோக்கன் மாதிரிதான். யார் கையில் டோக்கன் இருக்கிறதோ அவருக்குத்தான் செருப்பு. ஆகவே வெளியிடத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தால் லாக்-அவுட் செய்யாமல் எழுந்து வராதீர்கள். பின்னால் வந்து உட்காருகிறவர் உங்கள் டோக்கனோடு உட்காருகிறார்.

விசாரிப்பது வேறு, ஆர்டர் போடுவது வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கேள்விச் சீட்டின் முதல் வரியில் என்ன காரியம் என்று இருக்கும் என்றேன் அல்லவா? அதில் இரண்டு வகைகள் நமக்கு அவசியம். ஒன்று 'கெட்'. நம் காதுக்கு 'கெட்டது' போலக் கேட்டாலும் இதுதான் கெடுதல் இல்லாதது. விலை விசாரிப்பது, இருப்புப் பார்ப்பது எல்லாம் இந்த வகை. நூறு முறை விலை கேட்டாலும் ஒரு மூடைகூட நகராது. இரண்டாவது 'போஸ்ட்'. இது ஆர்டர் போடுவது, பணம் கட்டுவது போன்றது. ஒவ்வொரு போஸ்ட்டும் சர்வரின் கணக்கில் ஏதாவது ஒன்றை எழுதலாம்.

'கெட்' கேள்விக்குப் பதில் வராவிட்டால் பிரவுசர் தானாகவே இன்னொரு முறை கேட்டுக் கொள்ளலாம். 'போஸ்ட்' அப்படித் தானாக மறுபடி அனுப்பப்படக் கூடாது என்பது விதி. பக்கத்தைப் புதுப்பிக்கும்போது, 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்று பிரவுசர் சில சமயம் கேட்கிறதே, அது இதனால்தான். நாம் படித்துப் பார்க்காமல் சரி என்று அழுத்திவிடுகிறோம்.

செய்து கொடுப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. 2005-இல் கூகுள் கம்பெனி ஒரு சாதனம் வெளியிட்டது. நீங்கள் பார்க்கும் பக்கத்தில் உள்ள இணைப்புகளையெல்லாம் முன்கூட்டியே 'கெட்' கேட்டு எடுத்து வைக்கும், பக்கம் சீக்கிரம் வரட்டும் என்று. ஆனால் சில வெப்சைட்டுகளில் 'அழித்துவிடு' என்ற காரியத்தையும் வெறும் 'கெட்' இணைப்பாகவே வைத்திருந்தார்கள். இந்தச் சாதனம் அதையும் கேட்டது. ஜனங்கள் சேர்த்து வைத்த விவரங்கள் அவர்கள் தொடாமலே அழிந்தன. விலை கேட்டதற்குச் சரக்கை எடுத்து வெளியே எறிந்த மாதிரி.

வட்டம் சுற்றும்போது என்ன நடக்கிறது

நம் வாடிக்கைக்காரர் பொத்தானை அழுத்தினார், பதில் வரவில்லை. பதில் வராததற்குக் காரணம் மூன்றாக இருக்கலாம். ஒன்று, கேள்வியே சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு, கேள்வி போனது, ஆனால் சர்வர் பாதி வேலையில் நின்றுவிட்டது. மூன்று, கேள்வி போனது, சர்வர் கணக்கில் எழுதியது, 'சரி' என்று பதிலும் அனுப்பியது, அந்தப் பதில்தான் வழியில் தொலைந்தது.

இந்த மூன்றும் செல்போன் திரையில் ஒன்று போலவே தெரியும். அதே வட்டம், அதே சுற்று. எது நடந்தது என்று செல்போனுக்கும் தெரியாது, அதை வைத்திருப்பவருக்கும் தெரியாது. 'பதில் வரவில்லை' என்பதற்கும் 'காரியம் நடக்கவில்லை' என்பதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

சர்வரில் நாள்வழிக் குறிப்பு ஒன்று தானாக எழுதப்படும். அதற்கு லாக் என்று பெயர். மருமகன் அதைத் திறந்து காட்டினான். இரவு 9 மணி 12 நிமிஷத்துக்கு ஓர் ஆர்டர் வந்திருக்கிறது. 200 என்று பதில் போயிருக்கிறது. 9 மணி 14 நிமிஷத்துக்கு அதே ஆர்டர் மறுபடி, மறுபடியும் 200. பஸ் ஊரைத் தாண்டி சிக்னல் இல்லாத இடத்துக்குள் போனபோது முதல் பதில் தொலைந்திருக்க வேண்டும். அவர் ஓர் ஆர்டர்தான் போட்டார். சர்வர் இரண்டு ஆர்டர்தான் வாங்கியது. அன்று ராத்திரியே வாடிக்கைக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணாச்சி, தப்பு எங்கள் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டேன்.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் கடைக்கு வந்த புதிதில் வெளி மாநிலத்துக்குத் தந்தியில் ஆர்டர் கொடுப்போம். தந்தியில் எழுத்துப் பிழை வரலாம், தந்தியே போய்ச் சேராமலும் இருக்கலாம். அதனால் அன்றே தபாலிலும் ஒரு கடிதம் போடுவோம். அந்தக் கடிதத்தின் தலையில் 'இன்ன தேதித் தந்தியின் உறுதிக் கடிதம், இது புது ஆர்டர் அன்று' என்று எழுதி, இண்டென்ட் எண்ணையும் போட வேண்டும். ஒரு முறை நான் அந்த வரியை எழுத மறந்து, என் தகப்பனார் தபால் பெட்டிக்குப் போகிற வழியிலேயே என்னைத் திரும்பக் கூப்பிட்டு எழுத வைத்தார். ஒரே எண்ணில் இரண்டு தாள் வந்தால் அது ஒரே ஆர்டர் என்று எதிர்த் தரப்புக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். தந்தி 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அந்த இண்டென்ட் எண்ணையும் அதோடு மறந்துவிட்டோம்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். "மாமா, நீங்கள் சொல்கிறதுதான் இதற்கும் மருந்து" என்றான். ஆர்டர் படிவம் திறக்கும்போதே அதற்கென்று ஓர் எண்ணைப் பிரவுசர் உண்டாக்கி வைக்க வேண்டும். பொத்தானை ஒரு முறை அழுத்தினாலும் பத்து முறை அழுத்தினாலும் அதே எண்தான் போகும். சர்வர் முதலில் தன் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லை என்றால் ஆர்டரை எழுதிக் கொள்ளும். இருந்தால் புதிதாக எழுதாமல், முதலில் சொன்ன பதிலையே திரும்பச் சொல்லும். பணம் வசூல் செய்து கொடுக்கும் கம்பெனிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

எங்கள் வெப்சைட்டைச் செய்த தம்பியிடம் கேட்டபோது, ஒரு முறை அழுத்தியதும் பொத்தான் மங்கிவிடும்படி செய்திருக்கிறேனே என்றார். அது போதாது. பதில் வராமல் பக்கம் நின்று போனால், திரும்பத் திறக்கும்போது பொத்தானும் திரும்ப வந்துவிடுகிறது. தடுப்பு சர்வரின் கணக்கில் இருக்க வேண்டும், பொத்தானில் அன்று. நல்ல பிள்ளை, வாதாடாமல் இரண்டே நாளில் சரி செய்து கொடுத்தார். நாங்களும் கொடுக்கும்போது இதைக் கேட்டு வாங்கவில்லை. நிறம் என்ன, எங்கள் அப்பா படம் எங்கே வரும் என்றுதான் கேட்டோம்.

நீங்கள் யாரிடமாவது வெப்சைட் செய்யக் கொடுப்பதாக இருந்தால், 'ஒரே ஆர்டர் இரண்டு முறை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பழைய விலை எவ்வளவு நேரம் வாடிக்கைக்காரர் செல்போனில் நிற்கும்? லாக் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், கேட்டால் காட்டுவீர்களா?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். ஆர்டர் போடுகிற பக்கம் நீங்கள் என்றால், வட்டம் சுற்றும்போது மறுபடி அழுத்தாமல் 'என் ஆர்டர்கள்' என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது 'கெட்', எத்தனை முறை பார்த்தாலும் நஷ்டம் இல்லை.

பணத்திலும் இதே கதைதான்

யு.பி.ஐ. பணத்திலும் இதுதான் நடக்கிறது. வாங்க வந்தவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, நம் கடைக்குச் செய்தி வரவில்லை. உடனே 'இன்னொரு முறை போடுங்கள்' என்கிறோம். அவர் போடுகிறார். இரண்டும் வந்து சேர்ந்தால் பிறகு தேடிக் கொண்டு அலைய வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கடைக்குச் செலுத்திய பணம் கழிந்தும் கடைக்கு உறுதிச் செய்தி வராமல் போனால், 5 நாட்களுக்குள் தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பியது வரவாகவில்லை என்றால் மறுநாளைக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடும் உண்டு. இதை வாடிக்கைக்காரருக்கு எடுத்துச் சொன்னால் கல்லா முன்னால் பாதிச் சண்டை குறையும்.

இன்னொன்று. வாங்க வந்தவர் தன் செல்போனைத் திருப்பிக் காட்டுகிறாரே, அது அவருடைய கேள்விக்கு அவருக்கு வந்த பதில். படமாகவும் இருக்கலாம், போன மாதத்தியதாகவும் இருக்கலாம். நம் வங்கியிலிருந்து நமக்கு வருவதுதான் நமக்குப் பதில்.

பூட்டுப் படம் பற்றி

ஹெச்.டி.டி.பி.யின் கடைசியில் ஓர் 'எஸ்' சேர்ந்திருந்தால் அது உறையில் போட்டு ஒட்டிய கடிதம். இல்லாவிட்டால் போஸ்ட் கார்டு. வழியில் இருப்பவர்கள் எல்லாரும் படிக்கலாம், ஓர் எழுத்தை மாற்றவும் செய்யலாம். இந்தப் பூட்டு முறையைத் தொடங்கியதும் நெட்ஸ்கேப் கம்பெனிதான், 1990-களின் நடுவில். பூட்டு இருந்தால் பாஸ்வேர்டு கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டு சொல்வது இரண்டே விஷயம்: வழியில் யாரும் பிரிக்கவில்லை, முகவரியில் தெரிகிற பெயருக்குரிய சர்வரோடுதான் பேசுகிறீர்கள். அந்தப் பெயரை வைத்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. திருடனும் தன் வெப்சைட்டுக்குப் பூட்டு வாங்கலாம். ஆகவே பூட்டைப் பார்த்த கையோடு பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வருகிற பெயர்தான் உண்மையான சொந்தக்காரர். அதற்கு முன்னால் வங்கிப் பெயரை எத்தனை முறை எழுதியிருந்தாலும் அது வெறும் விளம்பரப் பலகை.

வாடிக்கைக்காரர் விஷயம் என்ன ஆயிற்று என்று கூட்டத்திலேயே கேட்டார்கள். கூடுதலாகப் போன பத்தில் நாலு மூடையை அவரே வைத்துக் கொண்டார். மீதி ஆறு மூடை நம் வண்டியில் திரும்பி வந்தது. வண்டி வாடகையும் ஏற்றுகூலி இறக்குகூலியும் நாங்கள் ஏற்றுக் கொண்டோம். பாதி தருகிறேன் என்றார்; வாங்கவில்லை. இரண்டு மாதம் வெப்சைட் பக்கமே வராமல் போனில்தான் ஆர்டர் சொன்னார். பிறகு அவர் மகன் மறுபடியும் செல்போனில் போட ஆரம்பித்தான். போன வாரம் லாக்கைப் பார்த்தேன். உளுந்து எட்டு மூடைக்கு ஒரே எண்ணில் மூன்று முறை அழுத்தியிருக்கிறான். கணக்கில் ஒரே சீட்டு. எட்டு மூடை ஏற்றி அனுப்பினோம்.